சீனிக்கு மணம் இல்லை

வைன் இறக்குமதித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதும்படி கேட்டார்கள். இங்கே ஜெர்மனியில், டோர்ட்மண்டில் அப்படி எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருக்கிறீர்கள். அதில் ஒருவர் வீட்டில் சரக்குப் போக்குவரத்து, அதாவது லொஜிஸ்ரிக், படிப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். அவரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். என் அம்மாவிடம் கோயிலில் யாராவது கேட்டால், மகள் பிரெஞ்சுப் பழச்சாறு கொம்பனியில் வேலை செய்வதாகத்தான் இன்றுவரை சொல்கிறார். அது முழுப் பொய்யும் அல்ல. சாறுதான், கொஞ்சம் நாள்பட்டது.

இப்படியான கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு முப்பத்திரண்டு வயது. பிள்ளை வளர்ப்பு விடுப்பில் இருக்கிறேன். ஏழு மாத மகள் பகலில் தூங்கும் நாற்பது நாற்பது நிமிடங்களாக இதை எழுதுகிறேன். உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். தவறு செய்த தகுதி இருக்கிறதே என்றார் கணவர். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து இரண்டு இடங்களில் வேலை பார்த்த பிறகு, இந்தக் கொம்பனிக்கு ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தேன். டிசம்பரில் முடிகிற ஒப்பந்தம். அதை நீட்டுவதா, கைகுலுக்கி அனுப்புவதா என்பது கொள்வனவுப் பிரிவுத் தலைவியின் கையில் இருந்தது. அவர் தென்மேற்கு ஜெர்மனியில் ஒரு திராட்சை விவசாயியின் மகள். பாராட்டும்போதும் கண்டிக்கும்போதும் ஒரே குரல். எது பாராட்டு என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

என் வேலை, வந்து இறங்கும் வைனை ருசித்து, துப்பி, படிவத்தில் எழுதுவது. நிறத்துக்கு ஒரு கட்டம், மணத்துக்கு ஒரு கட்டம், வாய்க்கு ஒரு கட்டம். எட்டு வருடங்களில் பிரான்ஸ் நாட்டின் பாதியை வாயில் வைத்துத் துப்பியிருக்கிறேன். ஒரு மிடறு விழுங்கியதில்லை. இதை அம்மாவுக்கு விளக்க முயன்று கைவிட்டுவிட்டேன்.

அந்த ஓகஸ்டில் நான் கர்ப்பமானேன். யாருக்கும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை உங்களுக்கு முட்டாள்தனமாகத் தெரியும். சொன்னாலும் தெரியலாம். அதற்கு முந்தைய முறை, பழைய வேலையிடத்தில், ஆறாவது வாரத்திலேயே எல்லோருக்கும் சொன்னேன். கேக் கூடச் செய்துகொண்டு போனேன். எட்டாவது வாரத்தில் அது இல்லாமல் போயிற்று. பிறகு, சொன்ன ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னதைத் திருப்பி வாங்க வேண்டியிருந்தது. கேக் சாப்பிட்டவர்களின் பட்டியல் நீளமானது. மூன்று மாதம் கழித்தும் கோயிலில் ஓர் அக்கா என் வயிற்றைப் பார்த்து, எத்தனையாம் மாதம் என்று கேட்டார்.

ஆகவே இரண்டாம் முறை அம்மா சட்டம் போட்டார். மூன்று மாதம் முடியும்வரை கணவரின் அம்மாவான மாமிக்கும் சொல்லக்கூடாது. நாவூறு, கண்ணூறு படும். எனக்கு நாவூறில் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவின் சட்டத்தை மீறி ஏதாவது நடந்தால் என்னை நான் மன்னிக்க மாட்டேன் என்பதில் நம்பிக்கை இருந்தது. படித்த பெண்கள் மூடநம்பிக்கையைக் கடைப்பிடிக்கும் முறை இதுதான்.

மருத்துவர், துப்பினால் பெரிய பிரச்சினை இல்லை, முடிந்தால் தவிர்க்கலாம் என்றார். அவர் சொன்னதில் 'முடிந்தால்' என்ற ஒரு சொல்லை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். வேலையிடத்தில் சொல்லியிருந்தால், தாய்மைப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த நிமிடமே என்னை ருசிப்பதிலிருந்து எடுத்திருப்பார்கள். மிக நல்ல சட்டம். ஆனால் டிசம்பரில் ஒப்பந்தம் முடியும் ஒருத்தி, ருசிக்க முடியாத ருசிபார்ப்பவளாக இருக்க விரும்புவாளா?

எனவே வைன் கிண்ணத்தைத் தூக்கினேன், மூக்கை வைத்து மணந்தேன், உதட்டில் படாமல் சரித்தேன், வெறும் எச்சிலைத் துப்பினேன். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வாய்க்கான கட்டத்தை அனுபவத்தில் நிரப்பினேன். ஐந்து வாரம் இப்படிப் போயிற்று.

இனி கையாக்.

கையாக் என்பது பிரான்சின் தென்மேற்கில், ஓர் ஆற்றின் இரு கரையிலும் கிடக்கும் வைன் பிரதேசம். பெரிய பெயர்களைக் கேட்டுத் தொழிலுக்கு வந்த உங்களுக்கு அது பாடத்திட்டத்தின் அடிக்குறிப்பு. அங்கே வேறெங்கும் அதிகம் காணாத திராட்சைகள் விளைகின்றன. சிவப்புக்கு துராஸ், புரோக்கோல். வெள்ளைக்கு மோசாக், அதோடு லான் து லெல். இந்தக் கடைசிப் பெயருக்கு அந்த ஊர்ப் பேச்சில் 'கண்ணுக்குத் தூரம்' என்று பொருளாம். கொடியின் மொட்டை அவர்கள் கண் என்கிறார்கள். குலை நீளக் காம்பில் அதைவிட்டு விலகித் தொங்குமாம். அம்மா கேட்டால் வீட்டு வாசலில் நடச் சொல்வார்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். இதே இரண்டு வெள்ளைத் திராட்சைகளிலிருந்து அந்தப் பிரதேசத்தில் சுத்தமாக இனிப்பில்லாத வைனும் செய்யலாம், பாகு போல இனிக்கும் வைனும் செய்யலாம். இரண்டுக்கும் கையாக் என்ற பெயர் உண்டு. நிறமும் ஏறக்குறைய ஒன்றே. போத்தலும் ஒன்றே.

செப்டெம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் களஞ்சியத்திலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே ஸ்ராப்லர் வண்டி ஓட்டிச் சுமை ஏற்றி இறக்கும் அண்ணை, யாழ்ப்பாணத்து இணுவில்காரர். முப்பது வருடமாக மதுப் போத்தல்களைத் தூக்குகிறார். ஒரு துளி நாவில் வைத்ததில்லை.

“பிள்ளை, ஒருக்காக் கீழ வாங்கோ. ரெண்டு பலெற் வந்திருக்கு. பேர் எழுதின துண்டு ரெண்டும் மழையில ஊறிக் கழண்டு போச்சு. எது எதெண்டு எனக்குச் சொல்ல ஏலாது.”

போனேன். பெட்டிகள் அடுக்கிய மரத் தட்டுகள், பலெற், இரண்டு. இரண்டிலும் லேபிள் ஒட்டாத போத்தல்கள். எங்கள் வாடிக்கையாளர் சிலருக்கு அவர்களுடைய சொந்த லேபிளை நாங்களே ஒட்டிக் கொடுப்போம். ஒரு பலெற் இனிப்பில்லாத கையாக். அது ஏரிக்கரையில் சனிக்கிழமை திறக்கவிருந்த ஒரு மீன் உணவகத்துக்கு. மற்றது இனிப்புக் கையாக், கிறிஸ்மஸ் விற்பனைக்கு. போத்தல்களில் இலக்கம் இருந்தது. எந்த இலக்கம் எந்த வைன் என்று சொல்ல வேண்டிய ஆவணத்தில் இரண்டு இலக்கங்களையும் ஒரே கட்டத்தில் போட்டு 'கையாக் வெள்ளை' என்று எழுதியிருந்தார்கள். தயாரிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அறுவடைக் காலம். தொலைபேசி ஏதோ ஒரு திராட்சை வரிசையில் யாருடைய காற்சட்டைப் பையிலோ அடித்துக்கொண்டிருந்திருக்கும். உணவகத்துக்கான லொறி இரண்டு மணிக்கு.

தலைவி பிரான்சில் ஒரு வைன் சந்தைக்குப் போகும் ரயிலில் இருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

“இரண்டையும் திறந்து ருசித்துப் பார்,” என்றார் ஜெர்மனில். “பத்து விநாடி வேலை. இதற்கா எனக்கு எடுத்தாய்?”

சரி என்றேன்.

இரண்டு போத்தல்களையும் திறந்தேன். இடது பலெற்றிலிருந்து வந்தது கூர்மையாக மணந்தது. பச்சை அப்பிள் தோல், பின்னால் கொஞ்சம் தீக்குச்சி. வலதில் பழுத்த பேரிக்காய், தேன். மறுபடி மணந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கிண்ணத்தைச் சுழற்றி விளிம்பில் வழிவதைப் பார்த்தேன். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வாயில வச்சா ஒரு செக்கன் தானே பிள்ளை,” என்றார்.

“வச்சிட்டன் அண்ணை,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். இடதுதான் இனிப்பில்லாதது என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

சீனிக்கு மணம் இல்லை. இதை நான் இறுதிப் பரீட்சையில் எழுதி முழுப் புள்ளி வாங்கியிருக்கிறேன். தேன் மணத்தால் வைன் இனிப்பாகிவிடாது. கூர்மையான மணத்தால் இனிப்பில்லாததும் ஆகாது. நீங்கள் இதை முதல் வருடத்திலேயே படிப்பீர்கள். நான் சொல்ல வருவது அது அல்ல. எனக்குத் தெரிந்த ஒன்றை எனக்குத் தெரியாதது போல நடத்த எனக்கு எத்தனை நிமிடம் எடுத்தது என்பதுதான். நான்கு நிமிடம்.

மேலே கணக்குப் பிரிவில் இரண்டு பேர் சும்மா இருந்தார்கள். ஆளுக்கு ஒரு வாய் கொடுத்து இனிக்கிறதா என்று கேட்டிருக்கலாம். அவர்கள் மகிழ்ச்சியோடு செய்திருப்பார்கள். ஆனால் ஏன் நீ ருசிக்கவில்லை என்று ஒருவராவது கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து தவறான அறுபது பெட்டிகளை உணவகத்துக்கு அனுப்பினேன்.

ஒன்றரைக்கு லேபிள் ஒட்டி முடிந்தது. இரண்டுக்கு லொறி போனது. மூன்று மணிக்கு அண்ணை மேலே வந்தார். களஞ்சியத்துச் சப்பாத்தோடு அவர் மேல்மாடிக்கு வருவதே இல்லை. என் மேசைக்குப் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பிள்ளை, லேபிள் ஒட்டேக்க அந்த இடப்பக்கத்துப் போத்தல் ஒண்டு விழுந்து உடைஞ்சது. தண்ணி போட்டுத் துடைச்சனான். காஞ்சாப் பிறகும் நிலம் ஒட்டுது.”

எனக்கு உடனே விளங்கவில்லை. கீழே கூட்டிக்கொண்டு போனார். அந்த இடத்தில் நடந்து பார்க்கச் சொன்னார். நடந்தேன். சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் சிக் சிக் என்று பிரிந்தது.

பக்கத்தில் இன்னொரு நனைந்த இடம் காய்ந்து கிடந்தது. வலது பலெற்றில் நான் திறந்து வைத்த போத்தலிலிருந்து அவரே கொஞ்சம் ஊற்றி, அதே மாதிரித் துடைத்து, காயவிட்டிருந்தார். அதிலும் நடந்தேன். சத்தமே இல்லை.

“எனக்கு வைன் தெரியாது,” என்றார் அண்ணை. “நிலம் துடைக்கத் தெரியும்.”

ஆக அன்று எங்கள் கொம்பனியின் தரப் பரிசோதனையைச் செய்தது மது தொடாத ஒருவரின் சப்பாத்து. சம்பளம் வாங்கும் நாக்கு மேலே தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

நான் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அண்ணை பக்கத்தில் வந்து சொன்னார்.

“நான் பலெற்றை மாறி வச்சிட்டனெண்டு சொல்லுங்கோ. இவ்வளவு வருசத்துக்குப் பிறகு என்னை நிப்பாட்டேலாது. உங்களுக்கு டிசம்பர் இருக்கு.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “உங்கட அக்காவும் மூத்தவன் வயித்தில இருக்கேக்க இப்பிடித்தான், எல்லாத்தையும் மணந்து மணந்து பாப்பா,” என்றார். 'உங்கட அக்கா' என்றது தன் மனைவியை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் நீட்டிய வழியை நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசை. இரண்டு நிமிடம் யோசித்தேன். இரண்டு நிமிடம் என்பதும் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டும் கணக்குத்தான். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது நேர்மை அல்ல. நான் ருசித்தும் தவறினேன் என்று சொன்னால் என் நாக்கு போயிற்று, டிசம்பரும் போயிற்று. அண்ணை மாற்றி வைத்தார் என்று சொன்னால் எனக்கு ஒன்றும் போகாது. ஆனால் அடுத்த வாரமும் நான் எச்சிலைத் துப்பிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கடுத்த வாரமும். அடுத்த முறை யாரை மாற்றி வைக்கச் சொல்வது?

“வேண்டாம் அண்ணை. நானே கதைக்கிறன்,” என்றேன்.

தலைவிக்கு எடுத்தேன். ரயில் சத்தம் பின்னால் கேட்டது. உணவகத்துக்குப் போனது இனிப்புக் கையாக் என்று சொன்னேன். ருசிக்கவில்லை, மணந்தேன் என்று சொன்னேன். ஒன்பதாவது வாரம் என்று சொன்னேன். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னதால், எதற்கு அவர் மௌனமாக இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

“வாழ்த்துகள்,” என்றார் கடைசியில். “கடுங்கோபமாகவும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.”

பிறகு யோசித்துக் கேட்டார். “ஒன்பது வாரமா? அப்படியென்றால் இன்றைக்கு மட்டும் இல்லை.”

“இல்லை. ஐந்து வாரம்.”

“போன மாதம் ஒரு மோசாக் பற்றி எழுதினாயே. நான் சந்தைக்குக் கொண்டுபோகும் பட்டியலில் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறேன். 'வாயில் நீண்ட நேரம் தங்குகிறது' என்று.”

“அது மணம் மட்டும்.”

“வாயில் தங்கவில்லையா?”

“என் வாயில் தங்கவில்லை.”

“நீ அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன், பதில் தெரிந்ததும் வேறு ஆளைப் போட்டிருப்பேன், அவ்வளவுதான்,” என்றார். உணவகத்துக்கும் நானேதான் தொலைபேசி எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். வைத்துவிட்டார்.

இந்த உரையாடலில் எது பாராட்டு என்று இன்றும் தேடுகிறேன். இல்லை என்று நினைக்கிறேன்.

உணவகக்காரர் ஒரு போத்தலை ஏற்கெனவே திறந்துவிட்டார். புது வைன் வந்தால் யார்தான் திறக்க மாட்டார்கள், என்னைத் தவிர. மட்டிக்கறியோடு இதை வைத்தால் வாடிக்கையாளர் பாயாசத்தில் மீன் போட்டதாக நினைப்பார்கள் என்ற பொருள்படச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலை அண்ணையும் நானும் சரியான பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டி, கொம்பனி வான் வண்டியில் கொண்டுபோய் மாற்றிக் கொடுத்தோம். போகும்போது ஒரு மணி நேரமும் அண்ணை பக்திப் பாட்டுப் போட்டார். வைனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெட்டி தூக்க மட்டும் என்னை விடவில்லை.

திங்கட்கிழமை தலைவி வந்தார். அதற்குள் மனிதவளப் பிரிவு கர்ப்பத்தை அறிவிக்கும் போர்முலார் நிரப்பி அரச அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டது. என் மாமிக்குத் தெரிவதற்கு முன்பு அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. மாமி அதை இன்னும் மறக்கவில்லை.

ஐந்து வாரத்து வைன்கள் இருபத்தாறையும் மேசையில் வைத்துத் தலைவியும் கணக்குப் பிரிவில் இருந்த இருவரும் புதிதாக ருசித்தார்கள். நான் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றுக்கும் வாய்க்கான கட்டத்தில் நான் எழுதியிருந்ததை உரக்க வாசிக்க வேண்டும். பலவும் சரியாக இருந்தன. அதுதான் அவமானமாக இருந்தது. தவறானவை எவை என்று எனக்கே முன்கூட்டிச் சொல்லத் தெரியவில்லை. சரியானவற்றையும் அதே நம்பிக்கையோடுதான் எழுதியிருந்தேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமையான கட்டம் அசிங்கமாகத்தான் இருக்கும், யாராவது கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். உங்கள் நாக்கு வேலை செய்யாத நாளில் பக்கத்தில் இருப்பவரின் நாக்கைக் கடன் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு என்னால் ருசிக்க முடியாது என்பது முழுமையான வாக்கியம். அப்போது எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. இதை எழுதும்போதுகூட, சொன்ன நாளிலேயே ஒப்பந்தத்தை இழந்த பெண்கள் இருப்பார்களே, அவர்களிடம் நான் என்ன சொல்வேன் என்று யோசிக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கட்டத்தையும் வெறுமையாகவே விடுகிறேன்.

டிசம்பரில் தலைவி என்னைக் கூப்பிட்டார். ஒரு வருட நீட்டிப்பு. நிரந்தரம் இல்லை. நான் நன்றி சொன்னேன். பிறகு, கேட்காமல் இருந்திருக்கலாம், ஏன் என்று கேட்டேன்.

“ஏப்ரலில் குழந்தை. பிறகு விடுப்பு,” என்றார். “இந்த ஒரு வருடத்தில் பெரும்பகுதி நீ வீட்டில் இருப்பாய். தவறு செய்ய வாய்ப்பில்லை. அதற்குப் பிறகு பேசுவோம்.”

ஏப்ரலில் மகள் பிறந்தாள். நலமாக இருக்கிறாள். எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கிறாள், அதில் என்னைப் போல் இல்லை.

சட்டப்படி இரண்டாவது வருடத்துக்குப் பிறகு இப்படி நீட்டிக்கொண்டே போக முடியாது. நிரந்தரம், அல்லது முடிவு. போன திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தலைவியைச் சந்திக்க எனக்கு ரெர்மின் இருந்தது. மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். மேசையில் ஒரு கிண்ணம், புதிதாக வந்த கையாக். பக்கத்தில் ஒரு கடித உறை. உட்கார்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“இன்றைக்கு என்னால் ருசிக்க முடியாது. பால் கொடுக்கிறேன்.”

தலைவி கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உறையை என் பக்கம் தள்ளினார். நிரந்தர ஒப்பந்தம். மகளுக்கு ஒரு வயதானதும் அரை நேர வேலை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவையில் கண்டேன். விடுமுறை நாட்கள் முப்பது என்று இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு என்று இருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

அவர் பார்த்தார். திருத்தி அனுப்புவதாகச் சொல்லித் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆகவே திங்கட்கிழமை கையெழுத்து ஆகவில்லை. வியாழக்கிழமைதான் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கணக்குப் பார்த்தார்.

“எட்டு நாள்,” என்றார். “வருசத்துக்கு எட்டு நாள். அதையும் மணந்து பாத்திட்டுப் பேசாமல் வந்திருக்கலாமே நீர்.”